பழுதுபடாத பகுதியின் பாரம்

மாரடைப்பு வந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய ஒருவரைச் சுகம் விசாரிக்கப் போகிறவர்கள், வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் தமக்குள் சொல்லிக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. "அல்ஹம்துலில்லாஹ், ஆள் பழையபடி ஆகிட்டார்." சொல்பவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. நோயாளியும் அதைத்தான் கேட்க விரும்புகிறார். அடைபட்ட நாடியைத் திறந்தாயிற்று, உள்ளே ஸ்டென்ட் வைத்தாயிற்று, நெஞ்சுவலி போய்விட்டது, முகத்தில் களை திரும்பிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பழையபடி" என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். வைத்தியம் செய்யப்பட்ட இருதயம் பழைய இருதயம்தானா? சிலருக்கு ஏறத்தாழ ஆம். ஆனால் கணிசமான ஒரு பங்கினருக்கு, அடைப்பை நீக்கிய பின்னரும், வாரக்கணக்காக, மாதக்கணக்காக, இருதயம் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே போகிறது. வலி எதுவும் இல்லாமல் இது நடக்கிறது. இதில் என்னை உறுத்தும் விடயம் வேறொன்று. இந்த வடிவ மாற்றத்தில் பெரும்பங்கை ஏற்பது செத்துப்போன தசை அல்ல. உயிரோடு எஞ்சியிருக்கும் நல்ல தசைதான் உருமாறுகிறது. அதுவும் தன் கடமையைச் செய்யப் போய் உருமாறுகிறது.

அறபு மொழியில் இருதயத்துக்குரிய 'கல்பு' என்ற சொல், புரளுதல், திரும்புதல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் கல்பின் விந்தைகளைப் பேசத் தொடங்கும்போது, முதலில் இரண்டு பொருள்களைப் பிரித்து வைக்கிறார். ஒன்று, நெஞ்சின் இடப்பக்கத்தில் உள்ள, பைன் மரத்துக் காய் போன்ற வடிவுடைய இறைச்சித் துண்டு. அது மிருகங்களுக்கும் உண்டு, மையித்துக்கும் உண்டு. அது வைத்தியர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டு, மற்றப் பொருளான அந்த நுண்ணிய உள்ளத்தைப் பற்றியே அவர் பேசப் போகிறார். நான் இங்கே எடுத்துக்கொள்வது அவர் வைத்தியர்களிடம் விட்டுச் சென்ற அந்த இறைச்சித் துண்டைத்தான். அதிலும் குறிப்பாக அந்தப் பைன் காய் வடிவத்தை.

ஏனெனில் அந்த வடிவம் வெறும் அழகுக்கு அமைந்ததல்ல. உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இடது இதயவறை, மேலே அகன்று கீழே கூராக ஒடுங்கிய நீள்வடிவம் கொண்டது. அதன் தசைநார்கள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. ஆகவே அது சுருங்கும்போது, நனைந்த துணியைப் பிழிவது போல முறுக்கிப் பிழிகிறது. நல்ல இருதயத்தில் அறை கொள்ளும் குருதியில் 55 வீதத்துக்கும் மேல் ஒரே துடிப்பில் வெளியே போய்விடும். எக்கோப் பரிசோதனை முடிந்ததும் வைத்தியர் சொல்லும் "இத்தனை வீதம்" என்ற கணக்கு இதுதான்.

முடியுரு நாடி ஒன்று அடைபட்டதும், அது ஊட்டிய தசைப் பகுதி சுமார் அரை மணித்தியாலத்திலிருந்தே மீள முடியாதபடி சாகத் தொடங்குகிறது. அந்தச் சாவு உட்சுவரில் ஆரம்பித்து மணித்தியாலக் கணக்கில் வெளிச்சுவர் நோக்கிப் பரவும். வைத்தியசாலைக்கு விரைவாகப் போ என்று சொல்வதன் காரணம் இது. நாடி திறக்கப்படுவதற்குள் செத்த பகுதி செத்ததுதான். பெரிய மாரடைப்பு ஒன்றில் 100 கோடி வரையான தசைக்கலங்கள் மடியலாம். அவற்றின் இடத்துக்குப் புதியவை வருமா? 2009இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விசித்திரமான வழியில் விடை கண்டார்கள். பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கதிரியக்கக் காபன் அக்கால மனிதர்களின் கலங்களிலும் பதிந்திருந்தது. அதை வைத்து இருதயக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 வீதம், 75 வயதில் 0.45 வீதம். அவ்வளவுதான் இருதயம் தன்னைப் புதுப்பிக்கும் வேகம். குண்டு செய்தவர்கள் இந்தப் பயனை எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆக, செத்த இடத்தில் தசை முளைப்பதில்லை, தழும்புதான் முளைக்கிறது. முதலில் அழற்சிக் கலங்கள் வந்து சிதைந்தவற்றை அப்புறப்படுத்தும். பிறகு கொலாஜன் நார்கள் படியும். தழும்பு இறுகி உறுதிப்பட ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அதற்கு முந்திய முதல் வாரத்தில் சுவர் மிகப் பலவீனமாக இருக்கும்; அபூர்வமாக அது கிழிந்தும் போகும். இரு இதயவறைகளுக்கும் இடையிலான சுவரில் துவாரம் இல்லை என்று கேலனையும் இப்னு ஸீனாவையும் மறுத்து 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நபீஸ். நம்மவர்கள் அவரைப் பெருமை பேசுவதற்கு மட்டுமே நினைவுகூருவார்கள். அந்தத் துவாரமில்லாச் சுவர் எவ்வளவு பெறுமதியானது என்பது, மாரடைப்பின் பின் அது கிழிந்த நோயாளியைப் பார்க்கும் வைத்தியருக்கே தெரியும்.

தழும்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அழற்சிதான் கெடுதல் செய்கிறது, அதை அடக்கிவிட்டால் இருதயம் பிழைக்கும் என்று எண்ணி 1970களில் சில இடங்களில் மாரடைப்பு நோயாளிகளுக்கு வீரியமான ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். விளைவு எதிர்மாறாக இருந்தது. அழற்சி தன் வேலையைச் செய்ய விடப்படாததால் தழும்பு சரியாக விழவில்லை என்ற அச்சம் எழுந்தது. அந்த வழி கைவிடப்பட்டது. மையித்து வீட்டில் "அழாதீங்க, அழாதீங்க" என்று வாயை அடைக்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய வைத்தியம் நினைவுக்கு வரும்.

இனி எஞ்சிய நல்ல தசைக்கு வருவோம்.

தழும்பு துடிக்காது. ஆனால் உடலின் தேவை குறையவில்லை. மூளையும் சிறுநீரகமும் பழைய அளவு குருதியையே கேட்கின்றன. உடல் அட்ரினலின் போன்ற ஓமோன்களைச் சுரந்து இருதயத்தை விரட்டுகிறது. எஞ்சிய தசைக்கலங்கள் நீளுகின்றன, அறை விரிகிறது. இந்த விரிவு முதலில் ஒரு உபகாரம்தான். கணக்கைப் பாருங்கள்: 120 மில்லிலீற்றர் கொள்ளும் அறை 70 மில்லிலீற்றரை வெளியேற்றினால் 58 வீதம். அறை 200 ஆக விரிந்துவிட்டால், 35 வீதம் சுருங்கினாலே அதே 70 வந்துவிடும். வெளியே இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. கை கால்களுக்குக் குருதி போகிறது, மனிதன் நடக்கிறான், சிரிக்கிறான். "ஆள் பழையபடி ஆகிட்டார்."

கடன் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. லாப்பிளாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் ஒரு விதி இருக்கிறது. உள்ளிருக்கும் அமுக்கம் ஒன்றேயானாலும், ஆரை கூடக் கூடச் சுவரின் மேல் விழும் இழுவிசையும் கூடும். சுவர் மெலிந்தால் இன்னும் கூடும். அகலமான குழாய்க்குத் தடித்த சுவர் வேண்டும் என்பது எந்தக் குழாய் வேலைக்காரருக்கும் தெரிந்த சங்கதி. விரிந்த இருதயத்தில் சுவர் இழுபடுகிறது. இழுபடுவதால் மேலும் விரிகிறது. விரிவதால் மேலும் இழுபடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு சிறு இழுப்பு. பைன் காய் மெல்ல மெல்லப் பந்தாகிறது. பந்து வடிவத்தில் முறுக்கிப் பிழியும் வலு குன்றிவிடுகிறது. வால்வைப் பிடித்திருக்கும் தசைத் தூண்கள் விலகிப்போவதால் இருகூர் வால்வு சரியாக மூடாமல், முன்னே அனுப்பிய குருதியில் ஒரு பங்கு பின்னே கசிகிறது. அதையும் சேர்த்து மீண்டும் அனுப்ப வேண்டும். வைத்தியர்கள் இதற்கு 'ரீமொடலிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டைத் திருத்திக் கட்டுவதற்கும் அதே சொல்தான். வீட்டைத் திருத்துகிறவன் குடியிருக்கவே திருத்துகிறான். இங்கே திருத்தப் போய் வீடே சரிகிறது.

இந்தக் கதையில் வில்லன் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல தசை சோம்பேறியாக இருந்திருந்தால் மனிதன் அன்றே மௌத்தாகியிருப்பான். அது தாங்கியதால் அவன் பிழைத்தான். அது தொடர்ந்து தாங்கியதால் அதன் வடிவம் கெட்டது. ஒரே செயல், முதல் வாரத்தில் காப்பாற்றுகிறது, இரண்டாம் ஆண்டில் கொல்கிறது. இதை நன்மை என்பதா தீமை என்பதா? தாங்கிக்கொள்ளுதல் எப்போதும் ஒரு நற்குணம்தானா?

கேள்வி தசையோடு நிற்பதில்லை. வாப்பா படுத்துவிட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் காணாத வீடல்ல. கடன் நெருக்க, உம்மா பணிப்பெண்ணாக வெளிநாடு போகிறார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாப்பாவின் சில்லறைக் கடையில் இருக்கிறாள். சமையல், தங்கையின் பாடசாலை, வாப்பாவின் கிளினிக், கடன்காரருக்குப் பதில் எல்லாம் அவளே. தம்பி ஆண்பிள்ளை, அவனுக்கு மோட்டார் சைக்கிளும் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். சாச்சாமாரும் மாமிமாரும் வந்து பார்த்துவிட்டு, "எப்படிச் சபூரான பிள்ளை, அல்லாஹ் இவளுக்குப் பெரிய கூலி வைச்சிருப்பான்" என்று தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். தடவிய கையில் ஒரு கிலோ அரிசிப் பாரத்தையாவது எடுத்துக்கொண்டு போகிறார்களா என்றால் இல்லை. வீடு நடக்கிறது, வெளிக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாலைந்து வருடங்களில் அவள் குரல் கடுமையாகிவிடுகிறது, சிரிப்பு நின்றுவிடுகிறது, தங்கை மீது கை நீளுகிறது. அப்போது அதே சாச்சாமார், "முந்தி எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாள், இப்ப வாயைத் திறக்க ஏலாது" என்கிறார்கள். வடிவம் மாறியதைக் காண்கிறார்கள். எதன் கீழே மாறியது என்பதைக் காண்பதில்லை.

பொறுமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. பொறுத்துக்கொள்பவர் செய்வதும், பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்துபோகிறவர் செய்வதும் ஒரே காரியமல்ல. இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிப்பதில்தான் நம் சமூகத்தின் வசதி இருக்கிறது.

இருதயத்தின் விடயத்தில் வைத்தியமும் நெடுங்காலம் இதே வசதியான வழியில்தான் போனது. களைத்த இருதயத்தைப் பார்த்தவர்கள், அதை இன்னும் பலமாகச் சுருங்க வைக்க மருந்து தேடினார்கள். நியாயமான எண்ணம்தான், பலவீனமானவனுக்குப் பலம் கொடு. மில்ரினோன் என்ற மருந்து அப்படிப்பட்டது. அதைக் குளிசையாகக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு 1991இல் வெளியானது. மருந்து பெற்றவர்களிடையே மரணம் 28 வீதம் அதிகமாக இருந்தது. களைத்த குதிரைக்குச் சவுக்கடி கொடுத்தால் கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு விழும்.

மறுபக்கத்தில் வேறு சிலர் எதிர்த் திசையில் யோசித்தார்கள். சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவரது சகாக்களும், அட்ரினலினின் விரட்டலைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளைத் தளர்ந்துபோன இருதயங்களுக்குச் சிறு அளவில் கொடுத்து, கிடைத்த பலனை 1975இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் ஏழு பேர் மட்டும். தளர்ந்த இருதயத்தை மேலும் தளர்த்துவதா என்று பலரும் நம்ப மறுத்தார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்றே பாடநூல்கள் சொல்லின. 1999இல் இரண்டு பெரிய ஆய்வுகள் மரணம் மூன்றிலொரு பங்கு குறைவதைக் காட்டும் வரை, அந்த எண்ணம் கால் நூற்றாண்டு காத்திருந்தது.

இன்னொரு மருந்தின் கதை விஷத்தில் தொடங்குகிறது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சு, கடிபட்டவரின் குருதியமுக்கத்தைச் சரித்துவிடும். செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் அறிஞர் அந்த நஞ்சை ஆராய்ந்தார். அதன் வழியே வந்த கப்டோபிரில் என்ற குளிசை 1981இல் பாவனைக்கு வந்தது. அது இருதயத்தைப் பலப்படுத்தவில்லை. குருதிக் குழாய்களைத் தளர்த்தி, இருதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய பாரத்தைக் குறைத்தது. அமெரிக்காவில் மார்க் ஃபெஃபரும் ஜெனிஸ் ஃபெஃபரும் மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அதைக் கொடுத்து, அறை விரிவது குறைவதைக் கண்டார்கள். பின்னர் மாரடைப்புக்குப் பின் 40 வீதமோ அதற்குக் குறைவோ சுருங்கும் இருதயமுடைய 2,231 பேரில் நடத்திய ஆய்வு 1992இல் வெளிவந்தது. மரணம் 19 வீதம் குறைந்திருந்தது. அவர்கள் இருதயத் தளர்ச்சியின் வெளி அறிகுறி இல்லாதவர்கள் என்பதுதான் முக்கியம். சுகம் விசாரிக்க வந்தவர்கள் "பழையபடி" என்று சொல்லியிருக்கக் கூடிய ஆட்கள்.

பலப்படுத்து என்பதிலிருந்து பாரத்தைக் குறை என்பதற்கு வந்து சேர வைத்தியத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது. உதவி என்றால் உற்சாகப்படுத்துவது என்றே மனிதர் நினைக்கிறோம். உற்சாகப்படுத்த நம் பக்கமிருந்து ஒன்றும் செலவாகாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே வாசகர் ஒருவர் தடுத்துக் கேட்கலாம்: தசைக்கு நிய்யத் இல்லை, மனிதருக்கு உண்டு, அந்த மகள் தன் விருப்பத்தோடு, அன்போடு சுமக்கிறாள், அவளைக் கலத்தோடு ஒப்பிடலாமா? நியாயமான தடை. அவளது நிய்யத்தும் அதற்கான கூலியும் அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானவை. அதில் நானோ சாச்சாமாரோ கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் லாப்பிளாஸின் விதி நிய்யத்தைப் பார்ப்பதில்லை. அன்போடு சுமந்தாலும் முதுகு முதுகுதான். அவளுடைய நற்கூலியை நாம் முன்கூட்டியே எடுத்துக்காட்டி, நம் கடமையை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

எல்லா இருதயத்துக்கும் ஒரே வைத்தியம் என்றும் இல்லை. வீதம் குறையாமல் தப்பிய இருதயங்களுக்கும் பீட்டா தடுப்பு மருந்தை வழக்கமாகக் கொடுத்து வந்தார்கள். 2024இல் சுவீடனை மையமாகக் கொண்டு, மாரடைப்பின் பின்னும் 50 வீதத்துக்குக் குறையாமல் சுருங்கும் இருதயமுடைய 5,020 பேரில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அத்தகையவர்களிடையே அந்த மருந்து மரணத்தையோ மறு மாரடைப்பையோ குறைத்ததாகத் தெரியவில்லை. பாரம் ஏறாதவனிடம் போய்ப் பாரத்தை இறக்கி வைக்க முடியாதுதானே. யார் உண்மையில் சுமக்கிறார் என்று பார்ப்பதற்கு எக்கோ வேண்டியிருக்கிறது. வீடுகளுக்குள் பார்ப்பதற்கு அப்படியொரு கருவி இல்லை. போய் இருந்து, கேட்டு, கவனித்துத்தான் அறிய வேண்டும்.

விரிந்த இருதயம் திரும்பிச் சுருங்குவதும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பாரம் குறைக்கப்பட்ட சில இருதயங்கள், மாதங்களில், பந்து வடிவத்திலிருந்து பழைய ஒடுங்கிய வடிவத்தை நோக்கித் திரும்புகின்றன. எக்கோவில் வீதம் ஏறுகிறது. நோயாளிக்குச் சந்தோசம். பெரும்பாலும் அப்போதுதான் குளிசையை நிறுத்துகிறார்கள். "சுகமாகிட்டுத்தானே, ஏன் சும்மா மருந்து?" மாரடைப்பால் அன்றி வேறு காரணங்களால் விரிந்து, பின் மருந்தால் முற்றாகச் சீரடைந்த இருதயமுடைய 51 பேரை வைத்து லண்டனில் நடத்திய ஒரு ஆய்வு 2018இல் வெளியானது. மருந்தைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து எடுத்த 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. மாரடைப்புத் தழும்பு இல்லாத இருதயங்களின் நிலை இது. தழும்புள்ள இருதயம் 35இலிருந்து 50 வீதத்துக்கு ஏறியிருந்தால், அந்த 50 குளிசையோடு சேர்த்த 50 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொன்ன அந்த வீட்டில் யாரோ ஒரு பெரியவர் தம்பியைக் கூப்பிட்டுப் பேசி, அவன் கடையில் இருக்கத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமைக் கிளினிக்குக்கு வாப்பாவைக் கூட்டிப்போகும் வேலையைச் சாச்சா ஏற்றுக்கொள்கிறார். ஒரு வருடம் போகிறது. அவள் மூடிவைத்த புத்தகத்தை எடுக்கிறாள். பரீட்சைக்கு வெளிவாரியாக விண்ணப்பிக்கிறாள். தங்கையோடு சிரித்துப் பேசுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. அப்போது தம்பி சொல்வான், "இப்ப ராத்தா நல்லாத்தானே இருக்கா, நான் கூட்டாளிமாரோட போகட்டா?" அவன் அடுத்த நாளும் கடையைத் திறக்க வேண்டும்.